வீரய்யாவுக்கு மீசை கருகவில்லை

என் வீட்டுக்காரர் பத்திநாதனைத் தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அடுப்பு சோல்ஜர்’ என்றுதான் சொல்வார்கள். சண்டைக்குப் போன இடத்தில் சமையல் அடுப்பில் விழுந்து, இரண்டு கையையும் வேகவைத்துக்கொண்டு திரும்பி வந்தவராம். பட்டாளத்துப் பதிவில் அப்படித்தான் எழுதியிருந்தது. இங்கிலீஷில் எழுதி சீல் குத்திவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது வேதவாக்கு. எனக்கு அப்படியில்லை. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

நாற்பத்திரண்டாம் வருஷம், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து பதினோரு ஆண்கள் பயனியர் படையில் சேர்ந்து எகிப்துக்குப் போனார்கள். ரோடு போடவும் குழி வெட்டவும் குண்டுப் பெட்டி சுமக்கவும் ஆள் பிடித்த படை அது. தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியின் மகன் வீரய்யாவும் கூடப் போனான். இங்கே அப்பன் கங்காணி என்பதால், அங்கே மகன் சட்டையில் இரண்டு பட்டை தைத்துப் பதினோரு பேருக்கும் தலைவனாக்கி விட்டார்கள். ஆக, எங்கள் தோட்டமே கப்பலேறிப் போயிருந்தது. தேயிலைச் செடி மட்டும்தான் போகவில்லை.

ஒரு நாள் குண்டுப் பெட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மற்றவர்கள் திசைக்கு ஒருவராக ஓட, என் வீட்டுக்காரர் உள்ளே போனார். ஒருவனை இழுத்து வெளியே போட்டுவிட்டு இன்னொருவனுக்காகத் திரும்பவும் போனார். எரிந்துகொண்டிருந்த உத்தரம் அவன் மேல் விழுந்து கிடந்தது. அதை வெறுங்கையால் தூக்கினார். இரண்டு பேரும் பிழைத்தார்கள், ஆனால் அந்தப் புகையில் தூக்கியது யாரென்று அவர்கள் பார்க்கவில்லை. இவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரய்யா அத்தனை நேரமும் ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தான்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார். “தீக்குள்ளே போனது யார்?” என்று கேட்டார். அங்கேதான் எங்கள் பழக்கம் காலை வாரிவிட்டது. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடும்போது, தோட்டத்தை நடத்துகிற துரை ஏதாவது கேட்டால் தொழிலாளி வாயைத் திறக்கக் கூடாது. கங்காணிதான் பதில் சொல்வார். துரை உன் கண்ணைப் பார்த்துக் கேட்டாலும் நீ கங்காணியைத்தான் பார்க்க வேண்டும். தவழ்ந்த நாளிலிருந்து கண்டு பழகியது, பாலைவனத்துக்குப் போனால் மட்டும் விட்டுப் போகுமா? அதிகாரி கேட்டதும் பத்துப் பேரும் ஒன்றாகத் திரும்பி வீரய்யாவைப் பார்த்தார்கள், அவன் சொல்லட்டும் என்று. அதிகாரிக்கு எங்கள் சங்கதி என்ன தெரியும்? எல்லோரும் இவனைக் காட்டுகிறார்கள் என்று நினைத்து, வீரய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீரய்யாவும் வெட்கமில்லாமல் குலுக்கினான். அப்படியானால் கூடாரத்தில் வெந்து கிடப்பவன் யார் என்று கேட்டதற்கு, “அடுப்பில விழுந்துட்டான் சார்” என்று சொல்லிவிட்டான்.

பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யாரிடம் சொல்வது? எந்த முறைப்பாடு என்றாலும் முதலில் வீரய்யாவிடம்தான் சொல்ல வேண்டும்.

சண்டை முடிந்தது. வீரய்யாவுக்கு வீரப் பதக்கம் வந்தது. அப்பன் செத்த பிறகு அவனே பெரிய கங்காணியும் ஆனான். என் வீட்டுக்காரருக்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. துரை பங்களாவில் சருகு கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். அதற்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது ஐம்பத்திரண்டு நவம்பரில். அட்டன் டவுனில் பழைய பட்டாளத்துக்காரர்கள் வருஷா வருஷம் ஊர்வலம் போவார்கள். அந்த வருஷம் இவரும் பெட்டியிலிருந்து காக்கிக் கோட்டை எடுத்தார். பொத்தான் போட இவருக்கு வராது, நான்தான் போட்டுவிட்டேன். பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றவரை, நெஞ்சில் பதக்கம் தொங்க முன்னால் நின்ற வீரய்யா திரும்பிப் பார்த்தான்.

“குசினிக்காரங்களுக்கு இங்க எடமில்ல. ஓரமா நில்லு,” என்றான்.

கடைவீதியே சிரித்ததாம். இவர் டிக்கோயா வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார். எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் கோட்டோடு உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதார். 

“எனக்கு அந்தப் பதக்கம் வேணும் தெரேசா,” என்றார். “பெருந்தன்மையா விட்டுடு, சாமி பாத்துக்குவாருன்னு சொல்லாத. எனக்கு வேணும். அது என்னுது.”

“நான் ஏங்க அப்படிச் சொல்லப்போறேன்? சாமிக்கு ஆயிரம் வேல இருக்கு. இத நம்மளே பாத்துக்குவோம்,” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அட்டனுக்கு, யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே கிளாக்கர் கணேசமூர்த்தி என்பவர் இருந்தார். சம்பளம், லீவு, வைத்தியச் செலவு என்று ஆயிரம் மனு எழுதியவர். பதக்கத்துக்கு மனு எழுதச் சொல்லி ஒருவரும் வந்ததில்லையாம்.

“இதுனால ஒங்களுக்கு என்னம்மா கெடைக்கும்?” என்று கேட்டார்.

“அடுப்புன்னு எழுதியிருக்கானே, அது போவும்,” என்றேன். அவர் டைப்ரைட்டரை இழுத்து வைத்துக்கொண்டார்.

மனு கொழும்புக்குப் போன விஷயம் தோட்டத்தில் பரவப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மாலை வீரய்யா லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்தான். பெரிய கங்காணி லயத்து வாசலை மிதிப்பதென்றால் சும்மாவா? பக்கத்துக் காம்பராக்களில் அடுப்பு ஊதுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வந்தவன் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துப் பேசினான்.

“பத்திநாதா, தொரகிட்ட சொல்லி ஒனக்குக் காவல்காரன் வேல வாங்கித் தாரேன். முழுப்பேரு. ஒக்காந்தே சாப்பிடலாம். அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிடு.”

ஒளிப்பானேன், எனக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. முழுப்பேர் என்றால் சும்மாவா? ஆனால் இவர் யோசிக்கவே இல்லை.

“காவல் வேலைக்கு நல்ல ஆளு நீங்கதான் கங்காணியாரே,” என்றார். “கொட்டக எரிஞ்சப்ப மணல்மேட்ட எம்புட்டு பத்திரமாப் பாத்துக்கிட்டீங்க.”

பக்கத்துக் காம்பராவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வீரய்யா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே இவரது அரைப்பேரும் நின்றது. நான் பறிக்கிற கொழுந்தில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதற்காக நாங்கள் மனுவைத் திருப்பி வாங்கவில்லை.

ஐம்பத்து மூன்றின் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் கேப்டன் விசாரணைக்கு வந்தார். அட்டனில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு கிளாக்கர். எகிப்துக்குப் போன பத்துச் சாட்சிகளில் ஆறு பேர்தான் இன்னும் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். எதிர்ப் பக்கம் வீரய்யா, பதக்கத்தோடு.

“கொட்டகைக்குள்ளே போனவர் யார்?” என்று கேப்டன் கேட்டார். கிளாக்கர் தமிழில் சொன்னார்.

மாதாவே, நான் என்னத்தைச் சொல்ல! ஆறு பேரும் திரும்பி வீரய்யாவைப் பார்த்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க ஐயா!” என்று கத்திக்கொண்டு நான் மேசைக்குப் போனேன். “இவங்க கங்காணியக் காட்டல. பேசட்டுமான்னு கங்காணிகிட்ட உத்தரவு கேக்குறாங்க. தோட்டத்துல இதாங்க பழக்கம். அன்னைக்கும் இதேதான் நடந்துச்சு!”

“பொம்பள, வாய மூடு,” என்றான் வீரய்யா.

“மூட மாட்டேன். ஐயா, அவரு மீசயப் பாருங்க. தீக்குள்ள ரெண்டு தரம் போயிட்டு வந்த மனுசனுக்கு ஒரு முடி கருகலயே. அன்னைக்குக் கப்பல்ல போன மீச அப்படியே திரும்பி வந்துச்சு, தோட்டமே பாத்துச்சு.”

“கருகின மீச திரும்ப மொளைக்காதா?” என்று வீரய்யா எகத்தாளமாகக் கேட்டான். கிளாக்கர் சிரித்துவிட்டார்.

நான் இவருடைய இரண்டு கைகளையும் இழுத்து மேசை மேல் வைத்தேன். “மீச மொளைக்கும். இது மொளைச்சிருக்கான்னு பாருங்க. அடுப்புல கைய ஊனி விழுந்தா உள்ளங்கையில அங்கங்க சுடும். இது ரெண்டு கையாலயும் எதையோ கட்டிப்பிடிச்சுத் தூக்கின காயம். முழங்கை வரைக்கும் இருக்கு.”

கேப்டன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆறு பேரிடமும் போய் நின்று, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். முதலில் நின்றவர் அழகுமுத்து அண்ணன். அவரது மகளுக்கு அப்போதுதான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியச் சொல்லி வீரய்யாவிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். 

வீரய்யா தொண்டையைச் செருமினான். “சார், நான் சொல்றேன்...”

“இது பெரட்டு இல்லீங்க கங்காணியாரே,” என்றார் அழகுமுத்து அண்ணன்.   கேப்டனைப் பார்த்து, “பத்திநாதன்தாங்க போனாரு. என் கண்ணால பாத்தேன். நாங்கதாங்க தூக்கிக்கிட்டுப் போனோம், தோலு எங்க கையோட வந்துச்சு,” என்றார்.

அதற்குப் பிறகு அடுத்தவர் சொன்னார். அதற்கு அடுத்தவரும் சொன்னார். ஆறாவது ஆள் சொல்லி முடிக்கிறபோது வீரய்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகுமுத்து அண்ணன் மகளுக்குக் கடைசிவரை எங்கள் தோட்டத்தில் பேர் பதியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில்தான் வேலை கிடைத்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

கொழும்பு, லண்டன் என்று காகிதம் அலைந்து திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது. அடுப்பு என்பதை அடித்துவிட்டு, தீயிலிருந்து இரண்டு வீரர்களைக் காப்பாற்றியபோது பட்ட காயம் என்று பதிவைத் திருத்தியிருந்தார்கள். வீரய்யா தன்னிடம் இருந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. விளிம்பில் பத்திநாதன் என்று பெயர் வெட்டிய புதுப் பதக்கம் தோட்டத்துத் தபாலில் துரைக்கு வந்தது. கணேசமூர்த்தி முதல் நாளே எங்களுக்குச் செய்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

காலையில் பெரட்டுக் களத்தில் நாங்கள் எல்லோரும் கூடையோடு நின்றோம். பனி இன்னும் விலகவில்லை. துரை படி மேல் நின்று காகிதத்தைக் கடகடவென்று படித்தார். படித்து முடித்துவிட்டு, பதக்கப் பெட்டியை எடுத்து வீரய்யாவிடம் நீட்டினார்.

“கங்காணி, அந்த ஆள்கிட்ட குடு,” என்றார்.

தோட்டத்தில் எதுவும் கங்காணி கையால்தான் வரவேண்டும். கம்பளி, அரிசி, திட்டு, எல்லாம் அப்படித்தான். வீரய்யா பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொர கையால குடுக்கட்டும்,” என்றார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. “வேணான்னா போ! எல்லாரும் வேலைக்குப் போங்க!” என்று கத்தினார்.

நான் தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையைத் தரையில் வைத்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற நாகலெட்சுமியும் வைத்தாள். அவளுக்குப் பின்னால் தொப்பு தொப்பென்று கூடை விழுகிற சத்தம் களம் முழுக்கக் கேட்டது. கொழுந்து முற்றுகிற பருவம் அது, ஒரு நாள் தவறினாலும் துரைக்குத்தான் நஷ்டம்.  யாரும் நகரவில்லை.

 துரை படியிறங்கி வந்து, வீரய்யா கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். அவரை அத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

“நெருப்புக்குள்ள போன ஆள் நீதானா?” என்று கேட்டார்.

“ஆமாங்க தொர, இவன் வந்து...” என்று வீரய்யா ஆரம்பித்தான்.

“கங்காணி, தொர எங்கிட்டதான் கேட்டாரு,” என்றார் என் வீட்டுக்காரர். பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து முன்னால் நீட்டி, துரையின் கண்ணைப் பார்த்து, “நான்தான் போனேன்,” என்றார்.