தெரியாதவர் தேவை

என் மகள் படிப்பது கற்பித்தல் வடிவமைப்பு. ஒருவனுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு, எனக்கு விளங்கிய வரையில். அதில் ஒரு தாளில் போன வருஷமே தோற்றுவிட்டாள். இன்னொரு முறை தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்று வருஷமும் போச்சு.

அந்தத் தாளுக்கு அவள் பரீட்சை எழுத வேண்டியதில்லை. நிஜமான ஓர் ஆளைப் பிடித்துவர வேண்டும். அவருக்குப் பயிலுநர் என்று பெயர். பாடம் நடத்தும் முன்னால் அவருக்கு ஒரு தேர்வு, நடத்திய பிறகு அதே மாதிரி இன்னொரு தேர்வு. இரண்டுக்கும் நடுவில் பத்துக்கு ஆறு மதிப்பெண்ணாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோல்விதான்.

வேறு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தாள். அவள் எடுத்த பாடம், பாரம் தூக்கும் முறை. நான் சரக்குக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷமாக மூட்டை தூக்குகிறவன்.

படிவத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘வளர்ந்தோர். எழுத்தறிவு: குறைவு. உந்துதல்: மிதம்.’

“மிதம்னா என்னம்மா?”

“ஆர்வம் சுமார்னு அர்த்தம்ப்பா. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. அதிகம்னு போட்டா ஆதாரம் கேப்பாங்க.”

முதல் தேர்வை அவளுடைய பேராசிரியர் முன்னால் எழுத வேண்டும். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் அரைமார்க்கு. முழு மார்க்கு போட அவருக்குக் கை வராதாம். போகிற வழியெல்லாம் மகள் காதைக் கடித்தாள்.

“அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாத்தையும் தப்பா எழுதுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

“நாப்பத்தாறு வயசுல எழுத்துப் படிச்சது தப்பா எழுதவா?”

“அடுத்த வாரம் ரைட்டா எழுதிக்கலாம்ப்பா. முதல்ல தெரியாம இருந்தாத்தான் நான் சொல்லிக்குடுத்ததா ஆகும்.”

சரி என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் ஆட்டினேன். கையோடு பலகை வைத்த நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து தாளைப் பார்த்தேன். ‘பாரம் தூக்கும்போது வளைய வேண்டியது முதுகா, முழங்காலா?’ முதுகை வளைத்துத் தூக்கி, ஏழு வருஷமாகப் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒருவன் என்னோடு வேலை பார்த்தவன். ‘முதுகு’ என்று எழுதப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அதற்கப்புறம் மற்ற கேள்விகளிலும் அதே கதைதான். பத்துக்கு ஒன்பது வாங்கினேன். விட்ட ஒன்று புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பது. அதை நான் தூக்கியதில்லை.

அரைமார்க்கு தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “என்னம்மா, பயிலுநருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிஞ்சிருக்கே. இனி நீ எங்கேர்ந்து ஆறு ஏத்துவே?” என்றார். பிறகு விதியைப் புரட்டி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு முறை பாடத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆளை மாற்ற முடியாது என்றார். ஆளுக்கு ஒப்புதல் படிவம் பதிவாகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வெடித்தாள்.

“உங்களுக்கு என்னதான்ப்பா தெரியாது? அதையாவது சொல்லுங்க!”

“என்னைக் கேளு, காலையிலேர்ந்து சொல்றேன்” என்றாள் என் வீட்டுக்காரி. “அந்தப் பரீட்சையை நான் வெச்சிருக்கணும். ஈரத் துண்டை எங்க காயப் போடணும்னு ஒரே கேள்வி. மனுஷன் முட்டை வாங்கியிருப்பார்.”

மேசைமேல் அவள் தாளுக்கான ஒரு பன்னிரண்டு பக்கப் புத்தகம் கிடந்தது. ‘பாடத் தேவைகளும் மதிப்பிடும் முறையும்.’ இரண்டு வரி படித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை.

“இது சத்தியமா எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதையே பாடமாக வைத்தாள். அரைமார்க்குக்கும் மகிழ்ச்சி. அவர் எழுதிய புத்தகத்தை இதுவரை யாரும் பாடமாக எடுத்ததில்லையாம். புதுத் தேர்வில் ஒன்று வாங்கினேன், அதுவும் பாடத்தின் பெயரைக் கேட்டதற்கு. அப்படியானால் அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் தேர்வில் ஏழு வாங்க வேண்டும்.

இரண்டு சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ‘புரிந்துகொள்வார்’ என்று குறிக்கோள் எழுதக் கூடாது, புரிந்ததை அளக்க முடியாது. ‘பட்டியலிடுவார்’, ‘சுட்டிக்காட்டுவார்’ என்றுதான் எழுத வேண்டும் என்றாள். பாதி இடத்தில், “இது எதுக்குன்னு எனக்கே தெரியாதுப்பா, அப்படியே மனசுல வெச்சுக்குங்க” என்றாள். வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் ஒன்பது கேள்விகளில் மூன்றைக் கோட்டை விட்டேன். ஆறு சரி. கடைசிக் கேள்வி: ‘மதிப்பெண் பங்கீட்டைப் படித்து நீங்கள் கண்டதைச் சுட்டிக்காட்டுக.’ புத்தகத்தில் உள்ள பங்கீடு கீழேயே அச்சாகியிருந்தது. குறிக்கோள் இருபது, பாடப்பொருள் இருபத்தைந்து, பயிலுநர் முன்னேற்றம் நாற்பது, சுயமதிப்பீடு பதினைந்து, வருகை ஐந்து, மொத்தம் நூறு.

லாரிச் சீட்டைக் கூட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. குறைகிற மூட்டை என் தலையில்தான் விடியும். கூட்டினேன். மறுபடி கீழிருந்து மேலே கூட்டினேன். ‘நூற்றைந்து வருகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அரைமார்க்கு விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “விடைக்குறிப்புல ‘பங்கீடு தெளிவாகவும் நியாயமாகவும் உள்ளது’ன்னு இருக்கு. இவர் வேற என்னமோ எழுதியிருக்காரே. தப்பு.”

மகள் கண் கலங்கிவிட்டது. “ஐயா, ஒரு தடவை கூட்டிப் பாருங்க” என்றேன்.

“இந்தப் புத்தகம் ஆறு வருஷமா நடைமுறையில இருக்கு பெரியவரே. மூணு குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கு.”

“மூணு குழுவும் கூட்டினாங்களாங்க?”

அவர் விரலால் கூட்டினார். பிறகு கைப்பேசியில் கூட்டினார். பிறகு ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டினார்.

“சார், கேள்வி ‘சுட்டிக்காட்டுக’ன்னுதான் இருக்கு” என்றாள் மகள், மெல்ல. “அவர் சுட்டிக்காட்டிட்டார். விடைக்குறிப்புல இருக்கறதைச் சுட்டிக்காட்டணும்னு எங்கயும் இல்லை.”

“அரை மார்க்கு தரேன்.”

“அரை போதாது சார். ஆறரைதான் வரும், நான் போயிடுவேன். தப்புன்னா சைபர் போடுங்க. ஆனா இந்தத் தாளோடதான் நான் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போடுவேன். அங்கயும் யாராவது கூட்டுவாங்க.”

என் மகள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். கடைசியில், பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க்கு போட்டார். கதவை மூடும்போது, “இதை வெளியில பேச வேண்டாம்” என்றார், என்னைப் பார்த்து.

மகள் தேறிவிட்டாள். அடுத்த பருவத்துக்கான புத்தகத்தின் புதுப் பதிப்பு இப்போது வந்திருக்கிறது. வீட்டுக்காரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பங்கீடு அப்படியே இருக்கிறது, நூற்றைந்தும் நூறாகவே இருக்கிறது. பயிலுநருக்கான தகுதிகளில் மட்டும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘கூட்டல் அறியாதவராக இருத்தல் விரும்பத்தக்கது.’