வெளுத்துப்போன ஆம்புலன்ஸ்

சட்டை நுனியால் எவ்வளவு தேய்த்தும் குட்டி மாடல் ஆம்புலன்ஸின் கண்ணாடியில் படிந்த வெள்ளை போகவில்லை. உள்ளே அப்பா பதினான்கு மாதம் கண் வலிக்கச் செய்த ஸ்ட்ரெச்சர், டிரைவர் சீட் எதுவுமே தெரியவில்லை.

போன் சார்ஜரை இழுத்தபோது வண்டியின் மேலிருந்த விளக்கைத் தட்டி உடைத்துவிட்டாள் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். உடைந்ததை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவைக்கும் மேதாவித்தனம் வந்துவிட்டது. "சூப்பர் க்ளூவோட ஆவி பட்டாலே கண்ணாடி வெளுத்துடும்" என்று அப்பா ஐம்பது தடவை சொல்லியிருந்தார். ஐம்பது தடவையும் அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றபடி வந்தார் அப்பா.

"பனிப்பா. தத்ரூபமா இருக்கட்டுமேன்னு..."

அப்பா குனிந்து பார்த்தார். நிஜ ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வெளுத்த கண்ணாடியை விரலால் ஒருமுறை தடவினார்.

"அடேங்கப்பா! பனியையே வீட்டுக்குள்ள இறக்கிட்டாங்க எங்க மகாராணி" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சாயங்காலம் எங்க சீனியர் டிரைவர் அண்ணனுக்கு வேலையில கடைசி நாள். இதைப் பரிசாக் குடுத்தா, முப்பது வருஷம் உட்கார்ந்த சீட்டை இதுக்குள்ள தேடுவாரு. நான் என்னத்தம்மா காட்டுறது?"