கடல் தொட்டிக்கு வந்த கரண்டு

கோரிப்பாளையத்து ஷாஹீதா முதன்முதலாக வைத்த கடல்மீன் தொட்டியில் உயிருள்ள பவளத்தை இறக்கிய மறுநாளே, மின்வாரியத்தார் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அவள் கண்கலங்கக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றினாள்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "என்னடி, மீனைக் குளிப்பாட்டுறியா?"

"மோட்டார் ஓடலக்கா. காத்து இல்லாம எல்லாம் செத்துரும்!"

"அட கிறுக்கி, சொல்ல வேண்டியதுதானே? எங்க இன்வர்ட்டர்ல இருந்து வயரை இழு."

மோட்டார் ஓடியது, மீன் துள்ளியது. நன்றி சொல்ல ஓடிய ஷாஹீதா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மின்விசிறி நின்றிருக்க, தங்கப்பொண்ணு வேர்க்க விறுவிறுக்க ஓலைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பழைய பேட்டரிடி, ரெண்டையும் தாங்காது. நான் விசிறிக்கிருவேன், உன் மீனுக்குக் கையா இருக்கு?"

ஷாஹீதா அந்த விசிறியை வாங்கி அக்காவுக்கு விசிறத் தொடங்கினாள்.