பிள்ளைகள் எண்ணிய தண்ணீர்

மத்தியப் பிரதேசத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊஞ்சக்காடு அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிள்ளைகள் சத்துமாவு உருண்டை தின்று கைகழுவ எழுந்த நேரத்தில். அந்த வாரம் நாமக்கல்லில் முட்டை விலை ஐந்து காசு ஏறியிருந்தது. கொல்லிமலைப் பக்கம் மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். தண்ணீர் முதலில் கல்மாவு கலந்து பால்போல வந்தது, பிறகு தெளிந்தது. சமையல் பார்க்கும் கண்ணாத்தாள் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, நம்மூர்த் தண்ணீர்போல இது கரிக்கவில்லை, இதில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும் என்றாள். அன்றைக்கு அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அது வந்ததற்குக் காரணம் நித்யஸ்ரீ. நான்கு வயது முடிந்த பெண். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், அங்கன்வாடி வாசலை மிதித்ததும் வாயை மூடிக்கொள்வாள். டீச்சர் ஜெயப்பிரியா எடப்பாடியில் பிறந்து, லாரி பாடி கட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். பாட்டுப் பாடிப் பார்த்தாள், பொம்மை கொடுத்துப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நித்யஸ்ரீயின் அம்மா வித்யா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை பார்ப்பவள். மகள் முகம் மலர்ந்து பேசுவதென்றால் அது அப்பனோடு போனில் பேசும்போதுதான் என்று ஒருநாள் வித்யா சொன்னாள். அப்பன் மோகன்குமார், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டால் வருஷத்துக்கு ஒருமுறை வீடு வருவதே பெரிது. மறுநாளே ஜெயப்பிரியா அவனை வீடியோ காலில் கூப்பிட்டு, ஊராட்சி வாங்கிக் கொடுத்த டிவியோடு போனை இணைத்து, பிள்ளைகளை எதிரே உட்கார வைத்தாள்.

மோகன்குமார் அப்போது பீப்பல்கேடா என்ற ஊரில் இருந்தான். வேலையை நிறுத்த முடியாததால் போனை வண்டியில் கட்டிவைத்துவிட்டு, துளை போடும் இரும்பு ராடு ஒவ்வொன்றாகப் பூமிக்குள் இறங்குவதைக் காட்டினான். ஒரு ராடு இறங்கியதும் டிவிக்கு இந்தப் பக்கம் ஒரு சன்னக் குரல் ஒன்று என்றது. அடுத்தது இறங்கியதும் இரண்டு என்றது. ஜெயப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம். பத்து வரைக்கும் நித்யஸ்ரீ எண்ணி முடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

அதிலிருந்து தினமும் எண்கள் பாடம் ரிக் வண்டியோடு நடந்தது. போர் பாறையில் மாட்டி மெல்லத்தான் இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் பாடத்துக்குக் குறைவில்லை. பீப்பல்கேடாவின் அங்கன்வாடியும் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் சுசீலா பாய் தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து வண்டியருகே உட்கார வைத்தாள். இங்கே ஒன்று என்றால் அங்கே ஏக் என்றார்கள். சில நாளில் இரண்டு பக்கமும் இரண்டையும் சொன்னார்கள். டிவியிலிருந்து வெள்ளைப் புழுதி வர ஆரம்பித்தது அப்போதுதான். பிள்ளைகள் தும்மினார்கள். கண்ணாத்தாள் காலையும் மாலையும் கூட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டினாள். டீசல் வாடை வந்த நாட்களில் சன்னலைத் திறந்து வைத்தாள். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வருகைப்பதிவு கூடியிருக்கிறது, தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பத்து ராடுகளையும் ஒன்றிலிருந்து எண்ணி வந்து பத்து என்று இரு பக்கமும் ஒருசேரக் கத்தியபோது தரை பிளந்தது. அந்தக் களேபரத்தில் போன் தண்ணீரில் விழுந்து இணைப்பு அறுந்துபோனது.

கோடை உச்சத்தில் இருந்தது. ஊருக்கே டேங்கர் தண்ணீர்தான். சின்னண்ணனின் முட்டைக்கோழிகள் வெயில் தாங்காமல் கூண்டுகளிலேயே தலை சாய்ந்துகொண்டிருந்தன. அவர் ஊரில் பெரிய நிலக்காரர். இருந்த போர்கள் எல்லாம் வறண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தவர். அங்கன்வாடிக்குத் தொட்டி கட்டிக் கொடுத்து, தரையை ஒட்டுப்போட்டுக் குழாய் வைத்து, டீச்சருக்குப் புதுப் போனும் வாங்கிக் கொடுத்தார். மிச்சத் தண்ணீர் ஓஸ் வழியாக அவர் பண்ணைக்குப் போனது. எல்லோருக்கும் மனம் குளிர்ந்திருந்தது. மோகன்குமார் மட்டும் போனை எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று ஜெயப்பிரியா நினைத்துக்கொண்டாள். நித்யஸ்ரீ தண்ணீரில் விளையாடினாள், ஆனால் மறுபடியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வித்யா கண் வீங்க வந்து நின்றாள். பீப்பல்கேடாவில் போர் பொய்த்துவிட்டதாம். தண்ணீர் வந்தால்தான் வண்டி நகரும் என்று அந்த ஊர்க்காரர்கள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேளாவேளைக்கு ரொட்டி கொடுக்கிறார்கள், அடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. ஜெயப்பிரியா மோகன்குமாரை உடனே கூப்பிட்டாள். மூன்றாம் தடவை அவன் எடுத்தான். முகம் கறுத்துப் போயிருந்தது. பின்னால் சுசீலா பாயும் சில பெண்களும் காலிக் குடங்களோடு நின்றிருந்தார்கள்.

"கல்லு ஈரமா வந்துச்சுங்க டீச்சர். தண்ணி வாசம்கூட அடிச்சுது. அப்புறம் வெறும் காத்துத்தானுங்க. எங்க போச்சுன்னே தெரியலைங்க."

"இங்க வந்துருச்சுங்கண்ணா" என்றாள் ஜெயப்பிரியா.

அவன் நம்பாமல் இல்லை. வண்டித் தொழிலில் இருக்கிறவன், பூமிக்குள் நடக்கும் கூத்துக்களை நிறையப் பார்த்தவன். பாப்பா குடிச்சாளா என்று மட்டும் கேட்டான். குடித்தாள் என்றாள். சரிங்க என்றான்.

அன்று சாயங்காலம் ஜெயப்பிரியா சின்னண்ணன் வீட்டுக்குப் போனாள். எண்ணி வந்த தண்ணீர், திருப்பி எண்ணினால் போய்விடும் என்று தனக்குத் தோன்றுவதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினார்.

"ஏனுங் அம்மிணி, தண்ணி மேல ஊர் பேரு எழுதியிருக்குதா? நாம போயித் திருடுனோமா? அதுவா வந்துச்சு."

"எழுதலைங்க. ஆனா அங்க கொடத்தோட நிக்கறவங்க மூஞ்சிய நான் பாத்துட்டனுங்களே. நம்ம ஊட்டு ஆம்பளை ஒருத்தர் அங்க அடைபட்டுக் கெடக்கறாருங்க."

"அப்ப என்ற கோழிக என்னாவறது?"

அவள் மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவரே, புள்ளைங்க திருப்பி எண்ணக் கத்துக்கற வரைக்கும் ஓஸ் கெடக்கட்டும் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பத்திலிருந்து கீழே இறங்குவதை அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது லேசான காரியம் அல்ல. டம்ளர்களை அடுக்கி ஒவ்வொன்றாக எடுத்தாள். பிள்ளைகளையே வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராக உட்காரச் சொன்னாள். டிவியில் சுசீலா பாயும் அதையே செய்தாள். மோகன்குமார் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கைகூப்பி, ராடுகளை மறுபடி உள்ளே இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். டீசல் வீணாகிறது என்று அங்கே முணுமுணுத்தவர்களை சுசீலா பாய் அடக்கினாள். சின்னண்ணன் காலையில் வந்து அங்கன்வாடிக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் உளறும்போது அவர் முகம் தெளியும், சரியாகச் சொல்லும்போது வாடும். நித்யஸ்ரீ தன் அப்பன் திரையில் நிற்பதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும், மற்ற பிள்ளைகள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு தப்பு மட்டும் போகவே இல்லை. ஏழுக்கு அடுத்து எல்லோரும் ஐந்துக்குத் தாவினார்கள். ஜெயப்பிரியா எவ்வளவு திருத்தியும் ஆறு அவர்கள் வாயில் நிற்கவில்லை. பீப்பல்கேடாப் பிள்ளைகளும் இவர்களைப் பார்த்து அப்படியே தாவினார்கள்.

பிள்ளைகள் தயார் என்று அவளுக்குத் தோன்றிய காலையில் சின்னண்ணன் வரவில்லை. ஆளை அனுப்பி ஓஸைச் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். ஜெயப்பிரியா மோகன்குமாரைப் போனில் கூப்பிட்டாள். முதல் ராடு மேலே வந்தது. பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று பிள்ளைகள் சொல்லச் சொல்லக் குழாயில் தண்ணீர் இளைத்தது, தொட்டியின் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. ஏழுக்குப் பிறகு நித்யஸ்ரீ மூச்சு வாங்க நின்றாள். அறை முழுக்க அவளையே பார்த்தது. ஜெயப்பிரியா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கின் நுனியில் இருந்தது. கண்ணாத்தாளின் காலிப் பாத்திரங்களைப் பார்த்தாள், திரையில் நின்ற குடங்களைப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஐந்து என்றாள் நித்யஸ்ரீ. இரண்டாம் முறை எண்ணும்போதும் அப்படியே. ஒன்று என்று முடிந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் கிணற்று வாயிலிருந்து தண்ணீர் ரிக் வண்டியின் உயரத்துக்கு எழுந்தது. பெண்கள் குடங்களை மறந்துவிட்டுத் தலையில் முக்காட்டோடு அப்படியே நனைந்தார்கள். மோகன்குமார் வண்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

இங்கே குழாயில் விரல் கனத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. ஆறு ஏன் சொல்லவில்லை சாமி என்று ஜெயப்பிரியா அப்புறம் நித்யஸ்ரீயைக் கேட்டாள்.

"ஆறு நம்மளுதுங்க டீச்சர்" என்றாள் அவள்.

அந்தத் தண்ணீர் பிள்ளைகளின் சமையலுக்கும் வீட்டுக்கு ஒரு குடத்துக்கும் போதுமானதாக இருந்தது. சின்னண்ணன் கோழிகளில் பாதியை வந்த விலைக்கு விற்றார். ஜெயப்பிரியாவோடு வெகுநாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐப்பசி மழை பிடித்த பிறகு பேசினார். மோகன்குமார் மாரியம்மன் பண்டிகைக்கு ரயிலேறி வந்தான். போன் வழியாகவே வந்திருக்கலாமே என்று சிலர் கேட்டதற்கு, டிக்கெட் முன்னமே போட்டுவிட்டேன் என்றான். நித்யஸ்ரீ அவனை அங்கன்வாடிக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி "இது என்ற அப்பா" என்று சொன்னாள்.

இரண்டு அங்கன்வாடிகளும் இப்போதும் வாரத்தில் சில நாள் வீடியோ காலில் சேர்ந்து பாடம் நடத்துகின்றன. எண்கள் முடிந்து விலங்குகள் வந்தபோது, சுசீலா பாய் ஒரு கறுப்பு வெள்ளாட்டைத் திரைக்கு முன்னால் நிறுத்தி பக்ரி என்றாள். இங்கே பிள்ளைகள் ஆடு என்று கூவினார்கள். அது திரையிலிருந்து இந்தப் பக்கம் இறங்கி நின்றது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் இன்னும் இருக்கின்றன என்று சுசீலா பாய் சொன்னாள். கண்ணாத்தாள் கயிறு தேடி எடுத்துவந்து அதைப் புங்கமரத்தில் கட்டினாள். தை மாதத்தில் அது இரண்டு குட்டி போட்டது.