ரெஃபரி பார்க்காத பதினேழு ஃபவுல்

வியாழக்கிழமை மத்தியானம் கிளப் வாசலில் ஃபைனலுக்கான பட்டியலை ஒட்டினார்கள். சாயங்காலத்துக்குள் கோச்சுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் தெரு சலூனில் முடிவாகிவிட்டது. செமி ஃபைனலில் ஜெயித்த டீமில் மூன்று பேரைத் தூக்கிவிட்டு வேறு மூன்று பேரைப் போடுகிறவரை வேறு என்னவென்று சொல்வது என்று சலூன்காரர் கேட்டார். கேட்கும்போது அவர் கையில் சவரக் கத்தி இருந்தது. நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு பஸ் டிரைவர் சாய்ந்திருந்தார். அதனால் அவர் உடனே வாயைத் திறக்கவில்லை.

என் கணவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்தேன். அவருக்குக் கண் தெரியாது. பார்வை போய் எட்டு வருஷம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். சலூனில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். ஏதாவது ஒரு மேட்சை வைத்து இரண்டு பேர் மல்லுக்கட்டினால் தீர்ப்பு அவரிடம்தான் வரும். எந்த மேட்ச், எத்தனையாவது நிமிஷம், யார் காலில் பந்து என்று தடுமாறாமல் சொல்வார்.

கோல்கீப்பரை மாற்றியதைப் பற்றிய சண்டை பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. பழையவருக்குக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னதும் எல்லாரும் அவர் விரலுக்காக வருத்தப்பட்டுவிட்டு நகர்ந்தார்கள். பின்வரிசை ஆளை மாற்றியதில் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. வெடித்தது மூன்றாவதில்தான். இடது விங்கில் ஆறு வருஷமாக ஆடுகிற, காத்தாடி என்று பேர் வாங்கியவரை உட்காரவைத்துவிட்டு, குட்டை என்று கூப்பிடுகிற புது ஆளைப் போட்டிருந்தார் கோச்.

அதற்குள் டிரைவரின் முகம் வழித்து முடிந்திருந்தது. காத்தாடியைத் தூக்கியதுதான் கோச் இந்த வருஷம் செய்த ஒரே நல்ல காரியம் என்றார் அவர். என் கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறாவது மேட்ச், இருபது நிமிஷம் பாக்கி இருக்கும்போது காத்தாடியைப் பின்னாலிருந்து இழுத்ததை ரெஃபரி பார்த்தானா என்று கேட்டார். மழை மேட்சில் இடித்துத் தள்ளியதைப் பார்த்தானா என்று கேட்டார். இப்படி ஒவ்வொன்றாக அவர் அடுக்க அடுக்க, சலூனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எந்த மேட்சப் பாத்தீங்க, ஜட்ஜ்?" என்றார் டிரைவர்.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்திருக்கும். சலூன்காரர் கத்தியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"நான் பாக்கல," என்றார் என் கணவர். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "என் வீட்டுக்காரி பாத்தா. தினம் நானூறு சட்டைய செக் பண்றவ. ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் அவ கண்ணுக்குத் தப்பாது. அவ சொன்னா அது நடந்தது."

நான் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஃபைனலுக்கு முதல் நாள், பயிற்சி முடிந்ததும், ரசிகர்களின் சார்பில் ஒருவர் கோச்சிடம் பத்து நிமிஷம் பேசலாம். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை, காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். யாரை அனுப்புவது என்று சலூன்காரர் கேட்டதும் எல்லாரும் ஜட்ஜைக் காட்டினார்கள். பேசிய பேச்சுக்குப் பரிகாரமாகவோ என்னவோ, முதலில் கை தூக்கியவர் டிரைவர்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் காத்தாடியை யாரும் தள்ளவில்லை. யாரும் இழுக்கவில்லை, இடிக்கவும் இல்லை.

மைதானத்தில் நான் அவர் காதோரம் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே வருவேன். அவருடைய இடது உள்ளங்கைதான் மைதானம். மணிக்கட்டு எங்கள் கோல், விரல் நுனி எதிராளியின் கோல். பந்து போகிற வழியில் என் விரல் போகும், மீதியை வாய் சொல்லும். பார்வை போன முதல் இரண்டு வருஷம் அவர் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறகு காத்தாடி டீமுக்கு வந்தார். அவருடைய ஓட்டத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்கள்கூடப் பேசினார்கள். அது எப்படித்தான் இருக்கும், நீ சொல்லு பார்க்கலாம் என்று என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. அதற்காகக் காத்தாடியைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பேன்.

போன வருஷக் கடைசியில் என் கணவருக்குக் கண்ணில் இன்னொரு ஆபரேஷன் செய்தார்கள். பலிக்கவில்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறு மாதம் சீசன் தொடங்கியது. காத்தாடியும் முழங்காலில் அடிபட்டு, தேறி, அப்போதுதான் திரும்பியிருந்தார். முதல் மேட்சில் பந்தோடு இடது பக்கம் திரும்பினார். முழங்கால் மடங்கித் தொப்பென்று விழுந்தார். சுற்றி ஓர் ஈ காக்கை இல்லை.

என்ன ஆச்சு என்று என் கணவர் ஆவலோடு முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. தள்ளிவிட்டான் என்றேன்.

அந்த ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் பதினாறு சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் சலித்துக்கொண்டால், ரெஃபரியைத் திட்டுகிறார்கள் என்பேன். என் புண்ணியத்தில் எங்கள் லீகின் அத்தனை ரெஃபரிகளும் என் கணவரிடம் வசவு வாங்கினார்கள். எனக்குத் தெரிவதுகூட அவனுக்குத் தெரியவில்லையா என்று தொண்டை கிழியக் கத்துவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஆகாயத்தைப் பார்ப்பேன்.

இப்போது அந்தப் பதினேழையும் வரிசையாகக் கொண்டுபோய் கோச் முன்னால் வைக்கப்போகிறார். பதினான்கு மேட்சும் கோட்டோரம் நின்று பார்த்தவர் கோச். அவர் சிரிக்கமாட்டார், பரிதாபப்படுவார். குரலில் அதை என் கணவர் நொடியில் பிடித்துவிடுவார். போனில் ஒருவர் வணக்கம் சொல்கிற தினுசிலேயே உள்ளே இருக்கிற நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று கண்டுபிடிக்கிறவர் அவர். நாலு பேர் நடுவில் நின்று அப்படித் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று தீர்மானித்தேன்.

தீர்மானிப்பது சுலபம். வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் அவர் பதினேழையும் தேதிவாரியாக ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்று விட்டுப்போனது. வெட்கமில்லாமல் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். மறுநாள் வேலையில் கை நிதானத்தில் இல்லை. சட்டையில் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. முதல் இருபது சட்டையில் ஏழுக்கு ஒட்டியிருந்தேன். சூப்பர்வைசர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, இதில் என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை. ஸ்டிக்கரைப் பிய்த்துப்போட்டுவிட்டு, அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டெலிபோன் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூலையில் ஒரு ஸ்டூல். காதில் ஹெட்போனோடு அவர் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும், இந்த நேரத்தில் என்ன என்று கேட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். வளைத்துப் பேச எனக்கு வராது.

"காத்தாடிய யாரும் தள்ளல," என்றேன். "ஒரு மேட்ச்லயும் தள்ளல. அவரேதான் விழுந்தார். நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. வணக்கம் சொல்லி, குழந்தைகள் வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, ஆறாவது மேட்ச் என்றார். கால் மடங்கி விழுந்தார் என்றேன். மழை மேட்ச் என்றார். இடது பக்கம் திரும்ப முடியாமல் பந்தை விட்டுவிட்டுப் போய்க் கார்னர் கொடியில் மோதினார் என்றேன். மறுபடியும் போன். எக்ஸ்ரே எத்தனை மணி வரைக்கும் என்று யாருக்கோ பொறுமையாக விளக்கினார். இப்படி நடுநடுவே ஊரார் நோயெல்லாம் வந்து போக, பதினேழையும் கேட்டு முடித்தார். ஒன்றைக்கூட நான் பூசி மெழுகவில்லை.

"வேற என்னெல்லாம் அழகாச் சொல்லி வெச்சிருக்க?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்க்காத கேள்வி அது. காத்தாடியைப் பற்றி மட்டும்தான் பொய் என்று நான் நினைத்திருந்தேன். எட்டு வருஷமாக நான் சொன்ன அத்தனையும் இப்போது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"வீட்டுச் சுவரு?"

"பச்சைதான். மேல ஈரம் கசியுது, அதையும் சொல்லியிருக்கேன்."

"உன் முடி?"

"பாதி நரைச்சிடுச்சு. நீங்க கேக்கல, நான் சொல்லல."

அவர் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் சலூன்காரர் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மேட்ச் பார்க்கும்போது சலூன்காரருக்கு 'அடி, அடி' என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அது இவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அழலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அழுதால் அதையும் அவர் காது நம்பாது.

"உங்க இஷ்டம்," என்றேன். "ஆனா அந்தப் பதினேழ கோச் முன்னாடி கொண்டுபோய் வெக்காதீங்க. நான் செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் அங்க தலைகுனியணும்? நான் வரேன். நானே சொல்றேன்."

அடுத்த போன் அடித்தது, அவர் வணக்கம் சொல்லத் திரும்பிக்கொண்டார். நாலரை மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் வழக்கமாகப் பிடிக்கிற என் தோளைப் பிடிக்கவில்லை. கைத்தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் விடுகிறதாக இல்லை, பின்னாலேயே போனேன்.

மைதானத்தில் சலூன்காரரும் டிரைவரும் காத்திருந்தார்கள். பயிற்சி முடிந்து பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லுங்க என்றார்.

"சார், எனக்குக் குடுத்த பத்து நிமிஷத்த என் வீட்டுக்காரிக்குத் தரேன்," என்றார் என் கணவர். "இந்த வருஷம் காத்தாடி எப்படி ஆடினார்னு அவ சொல்லுவா. நானும் இப்பத்தான் முழுசாக் கேக்கப்போறேன்."

சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சலூனில் இவர் வாதாடியதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பொய், தப்பு முழுக்க என்னுடையது என்று முதலில் போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. குறை கண்டுபிடித்துச் சொல்வது எனக்குப் புதிதா என்ன. ஒவ்வொரு தடவையும் மறைக்க வேண்டியிருந்ததால் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. மேட்ச், நிமிஷம், எந்தக் கால், எந்தப் பக்கம் என்று முதலிலிருந்து சொன்னேன். ஆறாவதைச் சொல்லும்போது கோச் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார்.

"பதினேழும் இடைவேளைக்கு அப்புறம்தான் சார். பதினேழும் இடது பக்கம் திரும்பும்போதுதான். முதல் பாதில ஒண்ணுகூட இல்ல."

தான் பதினைந்துதான் எண்ணியிருந்ததாகக் கோச் சொன்னார். அவர் விட்ட இரண்டு எவையென்று சொன்னேன். அப்படியானால் முதல் பாதிக்குக் காத்தாடி, பிறகு குட்டை என்று ஏன் யோசிக்கவில்லை என்றும் கேட்டுவிட்டேன். வந்ததுதான் வந்தாயிற்று, கேட்காமல் போவானேன். அவர் கோபப்படவில்லை. யோசித்தாராம். ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனால், ஆள் மாற்றக் கிடைக்கிற கொஞ்ச வாய்ப்பில் ஒன்றை இடைவேளையிலேயே வீணாக்கிவிட்டுக் கையைப் பிசைய வேண்டுமாம். பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது, காத்தாடி பெஞ்சில் இருப்பார் என்று முடித்தார்.

டிரைவர் என் கணவர் பக்கம் வந்து, நேற்றுக் கேட்டது தப்பு என்று முணுமுணுத்தார்.

"கேட்டது சரிதான்," என்றார் இவர். பிறகு கோச்சிடம், "குட்டை எப்படி அடிக்கறார்?" என்று கேட்டார்.

எதிர்ப்பக்கக் கோலுக்கு முன்னால் குட்டை தனியாக நின்று பந்துகளை வரிசையாக வைத்து அடித்துக்கொண்டிருந்தார். கோச் குஷியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். என் கணவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க வேணாம் சார். அவ சொல்லட்டும்."

நான் மைதானத்தைப் பார்த்தேன். கோச் என் முகத்தையே பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்த ஆள், நாளைக்கு ஃபைனல், கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. குட்டை பத்துப் பந்தையும் அடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"பத்து அடிச்சார்," என்றேன். "ஆறு உள்ள. நாலு வெளிய. அதுல ஒண்ணு வேலியத் தாண்டிப் போயிடுச்சு."