சூடோலின் கல்

தளபதி பியோன் இறந்துபோன செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது குவாக் சூடோல் நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்பதைத் தாண்டிய மனிதர் சாவது ஒரு செய்தியா என்பதுபோல் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆனால் செய்தி அதோடு முடியவில்லை. தேசிய ராணுவ மயானத்தின் மேட்டில், ஜனாதிபதிகளும் அமைச்சர்களும் தளபதிகளும் கிடக்கிற உயர்ந்த இடத்தில், தனக்கென ஒதுக்கிய நிலம் வேண்டாம் என்று தளபதி எழுதிவைத்திருக்கிறாராம். எல்லைக் குன்றில் தன்னோடு நின்று மடிந்த சிப்பாய்களுக்கு நடுவே, ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைக்கிற அளவு மண் போதுமாம். அந்த வரிசையில் நல்லவேளையாக ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லி, செய்தி வாசிக்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூடோலின் கையிலிருந்து குச்சிகள் நழுவின.

"பில்லே, அது என் குழி!"

கடைக்காரி பில்லே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் எழுபது நெருங்குகிறது. மயான வாசலுக்கு எதிரே அவள் நூடுல்ஸ் கடை போட்டதே, அண்ணன் இன்சு உள்ளே கிடக்கிறான் என்பதற்காகத்தான்.

"எங்கண்ணன் பக்கத்துல இருக்கிற இடமா?"

"அதேதான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்த சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்சிக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

சூடோல் சொன்னது விளையாட்டில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் போர் முடியப்போகிற நேரம், பியோன் அப்போது கர்னல். குன்றின் மேல் சூடோலும் இன்சுவும் இருந்த படைப்பிரிவை நிறுத்திவிட்டு, "பிடிச்சு நில்லுங்க, நான் வர்றேன்" என்று வானொலியில் சொன்னார். சொன்னவர் ஜீப்பில் ஏறித் தெற்கே போனார். வரவேயில்லை. இன்சு சூடோலின் மடியில் தலை வைத்துச் செத்தான். தோட்டா தீர்ந்த பிறகு மிச்சமிருந்த சூடோலை எதிரி பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கர்னலோ, கடைசி ஆள் வரை போராடி மடிந்தார்கள் என்று எழுதிக் கொடுத்துப் பதக்கம் வாங்கிக்கொண்டார். கைதிகளை மாற்றிக்கொண்டபோது செத்தவனை யார் கேட்பார்கள்? வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சூடோலின் இளமையும் நடுவயதும் கரியோடு கரியாகப் போயின. நுரையீரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுக் கிழவனாக எல்லை ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்தார்.

வந்தவரை மயானத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். இன்சுவின் கல்லுக்குப் பக்கத்துக் கல்லில் அவர் பெயர். கீழே அவருடைய எலும்பு ஒன்றுமில்லை, வெறும் மண். ஆனால் கல்லின் முன்னால் பூ இருந்தது. அவருக்கு அப்பா அம்மா உயிரோடில்லை, வேறு நாதியும் இல்லை. யார் வைத்த பூ என்று விசாரித்தபோது, எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் என்றார்கள். அண்ணனுக்குப் பூ கொண்டுவருகிறவள், பக்கத்துக் கல்லுக்கு ஒருத்தரும் வருவதில்லையே என்று மனசு கேட்காமல், ஒவ்வொரு தடவையும் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள். இப்படி நாற்பது வருடத்துக்கு மேல். சூடோல் அன்று அவள் கடை வாசலில் உட்கார்ந்து குழந்தையைப்போல் அழுதார். அவளுடைய கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் அன்றிலிருந்து குடியிருக்கிறார்.

உயிரோடு இருப்பவனுக்குக் கல் ஆகாது என்று மயான அதிகாரி மேங் அதைப் பெயர்க்க வந்தார். நட்ட கல்லை எடுக்க இறந்தவரின் குடும்பத்தார் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் முத்திரையை வைத்தாக வேண்டும், அது அங்கே மாறாத விதி.

"பெரியவரே, உங்க குடும்பத்துல யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேனே."

"நீங்க இறந்தவராச்சே."

"அப்போ செத்தவனுக்கு நானே சொந்தம்னு எழுதிக்கோ."

மேங் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே எழுதினார், சூடோல் தன் மரத்து முத்திரையைக் குத்தினார். கல்லை உடைத்துப் போட அவர் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பில்லேயின் சோயா விழுதுச் சாடியை ஏற்றி வைத்தார். என் கல்லால் யாருக்காவது சோறு ருசிக்கட்டும் என்றார்.

தளபதிக்கு இவர் திரும்பி வந்தது பிடிக்கவில்லை. கடைசி ஆள் வரை மடிந்தார்கள் என்று புத்தகமெல்லாம் எழுதியிருந்தாரே, அந்தக் கடைசி ஆள் எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்! நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பினார். பேரிக்காய் என்ன பாவம் செய்தது என்று சூடோல் தின்றுவிட்டு, பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பினார்.

இப்போது அந்த மனிதர் இன்சுவின் பக்கத்தில் படுக்க வருகிறார். தனக்கு வேறெங்கே இடம் கிடைத்தாலும் சூடோல் போய்க் கிடப்பார். ஆனால் தன் மடியில் செத்த பிள்ளையின் தோளோடு தோளாக, அவனை விட்டுவிட்டு ஓடினவன் கிடக்கக் கூடாது. அதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

மறுநாள் மேங்கிடம் போனார்.

"உயிரோட இருக்கிறவங்களுக்கு இடம் பிடிச்சு வைக்க முடியாது, பெரியவரே. உங்களுக்கு நேரம் வரும்போது புதுப் பகுதியில நல்ல இடமா தர்றோம்."

"புதுப் பகுதி எங்கிருக்கு?"

"பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம்."

"இன்சு இங்க, நான் பஸ்ல போகணுமா? யோவ், நான் செத்து ஐம்பது வருஷமாச்சு. உசுரோட இருக்கேன்னு என்னைக் கிளப்பிவிட்டதே நீங்கதான். அந்த ஆளு செத்து ரெண்டு நாள்தான் ஆகுது. யாரு மூத்தவன்?"

மேங் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கு மேலேயும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். "மேலிடத்து உத்தரவு. பேப்பர்காரங்க எல்லாம் தலைமேல தூக்கி வச்சு ஆடுறாங்க. அவரு மகன் வேற தேர்தல்ல நிக்கிறாரு. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கையைப் பிசைந்தார்.

"இதைச் சொல்லு. நட்ட கல்லை எடுக்கணும்னா குடும்பத்தார் முத்திரை வேணும். அந்த விதி இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு சூடோல் வெளியே வந்தார்.

அடக்கம் செய்கிற நாள் விடிந்ததும் சாடியை இறக்கினார்கள். பில்லே அதைக் கட்டிப்பிடித்து நகர்த்தியபடியே, "என் விழுது புளிச்சா உங்களைத்தான் கேப்பேன், அண்ணே" என்றாள்.

"எனக்குப் பதிலா அந்தத் தளபதியக் கேளு."

கடைக்கு வழக்கமாக வருகிற இரண்டு டாக்சிக்காரர்கள் கல்லைப் புரட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கழுவித் துடைத்தபோது பெயரும், செத்ததாகச் சொன்ன நாளும் பளிச்சென்று தெரிந்தன. பில்லே கடையின் வெள்ளை மேசைத்துணியை அதன்மேல் போர்த்தினாள். வண்டியின் ஓரத்தில் அரிசிக்கள்ளும் கருவாடும் வைத்தாள். சூடோல் முன்னால் நடந்தார். இருமல் வரும்போதெல்லாம் நின்று, மறுபடி நடந்தார்.

வாசலில் அன்று காவல் பலமாக இருந்தது. உள்ளே விடமாட்டார்களே என்று பில்லே பயந்தாள். அங்கே நின்ற இளைஞர்களோ, தளபதி அடக்கத்தன்று காலையில் வெள்ளைத்துணி போர்த்திய ஒரு கல் வருவதைப் பார்த்ததும் என்ன நினைத்தார்களோ, விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். சூடோலும் பதிலுக்கு ஒன்று அடித்தார். பில்லே சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரிசைக்கு வந்தபோது குழி தயாராக இருந்தது. கீழ்ப்பகுதியில் சாம்பல் மட்டும்தான் புதைப்பார்கள் என்பதால் சின்னக் குழி. கல் நிற்க அளவெடுத்து வெட்டியதுபோல் இருந்தது. நான்கு பேரும் சேர்ந்து அதை இறக்கி நிமிர்த்தினார்கள். சூடோல் முட்டி போட்டு, கையாலேயே மண்ணைத் தள்ளி, சுற்றிலும் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். பிறகு இன்சுவின் கல்லுக்கும் தன் கல்லுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வரிசையில் கிடப்பவர்களின் சொந்தக்காரர்கள் சிலர், தளபதியைப் பார்க்கலாம் என்று வந்திருந்தவர்கள், விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு பாயைத் தங்கள் கல் முன்னால் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு தங்கை, இரண்டு மருமகன்கள், அப்பாவின் முகமே பார்க்காத ஒரு மகள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பில்லே எல்லாருக்கும் கருவாட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

பேண்டு வாத்தியம் வாசலில் கேட்டது. பின்னாலேயே கறுப்புக் கார்கள், கேமராக்கள், வெள்ளைக் கையுறை போட்ட சிப்பாய்கள். நடுவில் தளபதியின் மகன், சாம்பல் பெட்டியை வெள்ளைத்துணியில் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி வந்தார். பக்கத்தில் மேங். கல்லைப் பார்த்ததும் மேங்கின் முகம் வெளுத்தது. வாத்தியம் பாதியில் நின்றது.

"என்ன கல்லு இது?" என்றார் மகன்.

"என் கல்லு" என்றார் சூடோல், எழுந்திருக்காமல்.

மகன் கேமராக்களைப் பார்த்துவிட்டுக் குரலைக் குழைத்தார். "ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசுவாரு."

"பேசுவாரு, பேசுவாரு. செத்துட்டேன்னு பேசுவாரு."

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மகனின் காது சிவந்தது.

"தன் பசங்களோட படுக்கணும்னு ஆசைப்பட்டாரு. கடைசி ஆசை. அதுல என்ன தப்பு?"

"பசங்களக் கேட்டாரா? ஒருத்தரையாவது கேட்டாரா? இந்தம்மா இவன் தங்கச்சி" என்று இன்சுவின் கல்லைத் தட்டினார், "இவங்களக் கேட்டாரா?"

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல" என்றாள் பில்லே. "கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

மகன் மேங்கின் பக்கம் திரும்பினார். குழைவெல்லாம் போய்விட்டது. "அந்தக் கல்லப் பிடுங்குங்க."

வெள்ளைக் கையுறைக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஒரு பக்கம் கிழவர், இன்னொரு பக்கம் நாளைக்கு மேலிடத்தில் உட்காரப்போகிற ஆள். மேங் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. கையைப் பிசைந்தார். பிறகு பிசைவதை நிறுத்தினார்.

"முடியாதுங்க. நட்ட கல்லை எடுக்கணும்னா இறந்தவரோட குடும்பத்தார் முத்திரை வைக்கணும்."

"இதுக்கு ஏதுய்யா குடும்பம்?"

"அவருதான்." மேங் சூடோலைக் காட்டினார். "பதிவுல அப்படித்தான் இருக்கு. என் கையாலதான் எழுதினேன்."

"முத்திரை வைக்க மாட்டேன்" என்றார் சூடோல்.

கையுறைக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களில் சின்னவன் தலையைக் குனிந்து கல்லில் இருந்த பெயரைப் படித்தான். அப்புறம் கிழவரைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான்.

சூடோல் இன்சுவின் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகனிடம் அவருக்குக் கோபமில்லை. அந்த ஜீப் போனபோது இவன் பிறந்திருக்கவே மாட்டான். அவர் பார்த்தது மகனின் மார்பில் தொங்கிய பெட்டியை. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அந்த மனிதரை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார். விறைத்து நின்று, கையை நெற்றியில் வைத்தார். சுரங்கத்துக் கரி தின்ற நெஞ்சிலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று பில்லேயே நினைக்கவில்லை.

"கர்னல்! பிடிச்சு நில்லுங்க, நான் வர்றேன்னு சொன்னீங்க. நாங்க நின்னோம். இன்சு மூணு நாள் உங்க ஜீப் சத்தத்துக்குக் காதக் குடுத்துக்கிட்டே செத்தான். நீங்க ஐம்பது வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. இங்க இடமில்ல. போங்க!"

கேமராக்காரர்களில் ஒருவர் கேமராவை இறக்கிவிட்டார். பாயில் இருந்த மகள், அப்பாவைப் பார்க்காதவள், எழுந்து நின்றாள். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

மகன் உதவியாளர் பக்கம் சாய்ந்து, "மேட்டுல வெட்டி வச்சது அப்படியேதான் இருக்குல்ல?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த அமைதியில் எல்லார் காதிலும் விழுந்தது.

"இருக்குங்க. நேத்தே பளிங்கும் போட்டாச்சு" என்றார் உதவியாளர்.

பில்லே வாய்விட்டுச் சிரித்தாள். டாக்சிக்காரர்களுக்கும் அடக்க முடியவில்லை. ஒரு சிப்பாய் அளவு மண் போதும் என்று ஊரையே அழவைத்தவருக்கு மேட்டிலும் ஒரு குழி காத்துக்கொண்டிருந்தது! ஊர்வலம் திரும்பி மேட்டுப் பாதையில் ஏறியது. வாத்தியக்காரர்களுக்கு வாசிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, கொம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். மேங் மட்டும் பின்தங்கினார்.

"பெரியவரே, கல்லு நிக்குதுன்னா பதிவுல நீங்க மறுபடி செத்தவரு. தெரியுமில்ல?"

"நீ என்ன ஆவே? அதச் சொல்லு."

"பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் மாத்திடுவாங்க" என்றார் மேங். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடினார்.

பில்லே அண்ணனுக்கு ஒரு கிண்ணம் அரிசிக்கள் ஊற்றினாள். பழக்கதோஷத்தில் பக்கத்துக் கல்லுக்கும் ஊற்றப் போனாள். சூடோல் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தானே குடித்தார்.

"கல்லு இங்கேயே இருக்கட்டுமா, அண்ணே? சாடிய எதுமேல வைக்கிறது?"

சூடோல் வாயைத் துடைத்துக்கொண்டார். இன்சுவின் கல்லில் முதுகைச் சாய்த்து, தன் கல்லின்மேல் கையைப் போட்டுக்கொண்டார்.

"தரையில வையி. இந்தக் கல்ல இனிமே எவனும் நகத்த முடியாது."