டிரைவர் சொன்ன பதில்

அவளுடைய அரபு மொழியில் யாரும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். கணவன் ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடித்து வைப்பது அவள்தான்.

பெரியவர்களுக்கு அரபு கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சியிலும் அதே கதை. கேள்வி கேட்பாள், மாணவர் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். தேர்வுக்காக நடத்திக் காட்டும் வகுப்பில் இரண்டு முறை தோற்றது அதனால்தான்.

"உங்களுக்கு அரபு தெரியும்னு எங்களுக்குத் தெரியும். அவங்க பேசறதுதான் எனக்குக் கேக்கணும்," என்றார் பயிற்சியாளர் அம்மா. "கேள்வி கேட்டா காத்திருங்க. இதுதான் கடைசி வாய்ப்பு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவர் ஒருநாளும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்.

தேர்வன்று பயிற்சியாளர் கடைசி பெஞ்சில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், பஸ் டிரைவர். டிரைவர் இதுவரை அரபியில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவருக்கான பதிலை அவள் சொல்வாள், அவர் தலையாட்டுவார். இருவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இன்று அவரிடமே கேட்டாள், அரபியில்: "நேற்று வேலையில் என்ன நடந்தது?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நர்ஸ் அடியெடுத்துக் கொடுக்கப் போனாள். இவள் கைகாட்டி நிறுத்தினாள். அவருக்காக ஒரு பதில் அவள் நுனிநாக்கில் வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயிற்சியாளரின் பேனா நின்றுவிட்டது. போச்சு, தோற்றாலும் தோற்கிறேன், வாயை மட்டும் திறப்பதில்லை என்று நினைத்தாள்.

டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"பஸ் நின்றது," என்றார் அரபியில். கொஞ்சம் யோசித்தார். "பயணிகள் இறங்கினார்கள். தள்ளினார்கள்."

ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லியிருந்தார். திருத்தத் துடித்த வாயை அவள் இறுக மூடிக்கொண்டாள்.

"நானும் இறங்கினேன். நானும் தள்ளினேன்." மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். "ஆனால், டிரைவர் நான்."

முதலில் சிரித்தது நர்ஸ். பிறகு வகுப்பே சிரித்தது. அப்போ ஸ்டியரிங்கை யார் பிடித்தது, பஸ் எங்கே போய் நின்றது என்று ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனையும் அரட்டைதான், அத்தனையும் அரபியில். தண்ணீர் கேட்கவே தடுமாறியவர் அந்த மொழியில் ஊரைச் சிரிக்க வைத்துவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை. அவள் ஒரு வேலையும் இல்லாமல் பலகையோரம் நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சும்மா நின்றதில்லை.

"பாஸ்," என்றார் பயிற்சியாளர், சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த மாசத்துலேருந்து இந்த வகுப்பு உங்களோடதுதான்."

அவள் கால் தரையில் படாமல் வீடு வந்தாள். கணவன் கதவைத் திறந்தான்.

"என்ன, பரீட்சையில நீ..."

வழக்கம்போல அவள் முடித்து வைப்பாள் என்று நிறுத்தினான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையாட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஜெயிச்சுட்டே," என்றான், தானாகவே.